பெயரும் விலக்கும்

பிரெஞ்சில் எனக்கு இப்போது 42 தோட்டப் பூக்களின் பெயர்கள் தெரியும். இவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை நான் நேரில் கண்டதில்லை; காணப்போவதும் சந்தேகம்தான். புதுச்சேரிக் கிளைக்கு மாற்றலாகி வந்தபின் மாலைப் பொழுதுகளை என்ன செய்வதென்று தெரியாத ஒரு வங்கிக் குமாஸ்தா எடுத்த முடிவாகத்தான் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். பி.ஏ.யில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக் கவிஞர்களைப் பற்றிப் பத்து வருஷத்துக்கு மேலாகப் பேசியும் எழுதியும் வந்தவன் என்ற முறையில் கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்தது. வகுப்பில் ஒரு நாள் 'வீடும் தோட்டமும்' என்ற பாடம். ஆசிரியை ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்தார். அட்டையின் ஒரு பக்கம் பூவின் படம். மறு பக்கம் பெயர். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து சீட்டு விளையாடுவதுபோலப் படித்தோம். மற்ற ஏழு பேரும் அந்தப் பாடத்தோடு அதை மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் விடவில்லை. பஸ்ஸில், கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரங்களில், பெயர்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேள்விப்பட்ட நண்பரொருவர் — கவிஞர், இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர் — "பூவைத் தெரியாமல் பேரை மட்டும் தெரிந்துகொள்வது என்ன காரியம்?" என்று கேட்டார். கேள்வியில் இருந்த கேலி நியாயமானதுதான். பெயர்களை உதிர்ப்பது நம் சிறுபத்திரிகை உலகத்துக்குப் புதிய நோயல்ல. நான் உதிர்த்திருக்கிறேன். ஆனால் கேலியை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது நிஜமான கேள்வியாகவே நிற்கிறது. ஒரு பொருளை அறியாமல் அதன் பெயரை அறிய முடியுமா? அறிந்தால், அறிந்தது என்ன? நண்பருக்கு அன்று பதில் சொல்லவில்லை. இது அந்தப் பதில். கேள்வி இருந்த இடத்தில் பதில் முடியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

*

நண்பர் கட்சியில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். ரூஸோ தன் கடைசிக் காலத்தில் தாவரங்களிடம் போய்ச் சேர்ந்தவர். 1771 முதல் 1773 வரை மதாம் தெலெஸேர் என்ற பெண்மணிக்கு, அவருடைய சிறு மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக, தாவரவியல் பற்றிக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்களின் அடிப்படை ஒன்றுதான்: குழந்தைக்கு முதலில் பெயரைக் கொடுக்காதே, பார்க்கக் கற்றுக்கொடு. பெயர்களை ஒப்பிக்கிறவன் தாவரவியல் அறிந்தவனல்ல. முதல் கடிதத்திலேயே ஒரு லில்லிப் பூவை எடுத்துக்கொண்டு, அதன் இதழ் எப்படி, உள்ளே நிற்பவை எவை, எதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போகிறார். படிக்கும்போது நமக்கே கை நீண்டு ஒரு பூவைப் பறித்துப் பிரித்துப் பார்க்கத் தோன்றும். என் அட்டைக்கட்டுக்கு ரூஸோவிடம் இடமில்லை.

ஆனால் அதே ரூஸோ தன் வாழ்க்கை வரலாற்றில் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். இளைஞனாக இருந்தபோது, மதாம் த வாரன்ஸோடு ஷாம்பேரிக்குப் பக்கத்திலிருந்த லே ஷார்மெத் வீட்டுக்கு முதல் தடவையாகத் தங்கப் போகிறார். வழியில் வேலியோரம் நீலமாக எதையோ கண்ட அந்த அம்மாள், இன்னும் பெர்வான்ஷ் பூத்திருக்கிறதே என்கிறாள். ரூஸோ அதுவரை அந்தப் பூவைக் கண்டதில்லை. அவருக்குக் கிட்டப்பார்வை. குனிந்து பார்க்கவும் இல்லை. போகிற போக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். அதன்பின் ஏறக்குறைய 30 வருஷம் அந்தப் பூ அவர் கண்ணில் படவே இல்லை, அல்லது பட்டதைக் கவனிக்கவில்லை. 1764இல் ஸ்விட்ஸர்லாந்தில் த்யு பெய்ரூ என்ற நண்பரோடு ஒரு சிறு குன்றின்மேல் ஏறும்போது புதர்களுக்கிடையே அதைக் கண்டு, சந்தோஷத்தில் பெயரைச் சொல்லிக் கத்திவிடுகிறார். கூட வந்த நண்பருக்கு சந்தோஷம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

இது நிகழ்ந்து சில வருஷங்களுக்குப் பிறகுதான் அவர் அந்தக் கடிதங்களை எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே பெயர் என்று போதித்தவரின் சொந்த அனுபவத்தில் பெயர்தான் முதலில் வந்தது. பூ 30 வருஷம் கழித்து வந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், பின்தேதியிட்ட காசோலை. தேதி வந்தபோது கணக்கில் பணம் இருந்தது.

என் கட்சிக்கு இது போதும் என்று முதலில் நினைத்தேன். நானும் என் 42 காசோலைகளோடு காத்திருக்கலாமே. யோசிக்க யோசிக்க அது சரியில்லை என்று பட்டது. அந்த 30 வருஷமும் 'பெர்வான்ஷ்' என்ற சொல் எதைக் காப்பாற்றி வைத்திருந்தது? பூவையல்ல. பூவை அவர் சரியாகப் பார்க்கவே இல்லையே. அது காப்பாற்றி வைத்திருந்தது சொன்ன குரலை, சொன்னவளை, போன வழியை. குன்றின்மேல் அவர் கண்டுபிடித்தது ஒரு தாவரத்தையல்ல. ஆகவே பெயர் பொருளைக் காப்பதாக நாம் நினைப்பது அவ்வளவு சரியல்ல. அது சொன்னவரைக் காக்கிறது. பெயர் ஒரு வாயிலிருந்து, ஏதோ ஒரு முகாந்திரத்தோடு, நமக்கு வந்து சேர்கிறது. அந்த முகாந்திரம்தான் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது.

என் குறை என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பூக்களைப் பார்க்காதது பெரிய குறையல்ல. என் பெயர்கள் எந்த வாயிலிருந்தும் வரவில்லை. அட்டையின் பின்பக்கத்திலிருந்து வந்தன.

*

வாயிலிருந்து வராத பெயர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவை சுத்தமாக இருக்கும்.

கோக்லிக்கோ என்பது வயல்களில் பூக்கும் சிவப்புக் கசகசாப் பூ. பெயர் சேவலின் கூவலிலிருந்து வந்தது. இதழ் சேவல் கொண்டையின் நிறம். ஓயே என்றால் சின்னக் கண், கார்னேஷன் பூ. காப்யூஸின் பூவுக்குக் கப்புச்சின் துறவிகளின் முக்காடு. மார்கெரீத் என்பதன் வேர் முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பான்ஸே என்றால் எண்ணம். ஆங்கிலேயர்கள் அதை வாங்கி 'பான்ஸி' என்று சிதைத்துக்கொண்டதில் எண்ணம் கழன்று போய்விட்டது. பிஸான்லி என்பதன் நேர்ப் பொருள் படுக்கையில் மூத்திரம் போவது, அந்தச் செடிக்கு நீர்பிரிக்கும் குணம் இருப்பதால். சிங்கப் பல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் 'டேண்டலையன்' ஆகி மதிப்பாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் மூத்திரத்தோடு நின்றுவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சூஸி. தோட்டங்களில் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் பூக்கும் காலெண்டுலா. சூஸி என்றால் பிரெஞ்சில் கவலை என்றும் அர்த்தம். ஒரு பூவுக்குக் கவலை என்று பெயர் வைத்த ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அகராதி என் கவித்துவத்தைக் கலைத்தது. பூவின் பெயர் சூரியனைப் பின்தொடர்வது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கவலையின் பெயர் வேறொரு வேரிலிருந்து வந்தது. நூற்றாண்டுகளில் தேய்ந்து இரண்டும் ஒரே ஒலியில் வந்து நின்றுவிட்டன. யாரும் பூவுக்குக் கவலை என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் ஒரே ஒலியாகிவிட்ட பிறகு கவலையைக் கேட்காமலிருக்கவும் முடியாது.

வகுப்பு முடிந்து ஆசிரியையிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தனக்கு இதெல்லாம் காதில் விழுவதே இல்லை என்றார். அவருக்கு ஓயே என்றால் ஓயே, கண் இல்லை. நியாயம்தானே. நாம் அந்திமந்தாரை என்று சொல்லும்போது அந்தியையா கேட்கிறோம்? அதே பூவுக்கு அங்கே பெல்-த-நுயி, இரவின் அழகி. அதைக் கேட்டதும் நான் மெய்மறந்தேன். கொல்லையில் தானாக முளைத்துக் கிடக்கும் அந்திமந்தாரையைப் பார்த்து ஒரு நாளும் மெய்மறந்ததில்லை.

அந்நிய மொழியில் எல்லாப் பெயர்களும் கவிதையாகத் தெரிகின்றன. இதை நாம் அந்த மொழியின் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது நம் அறியாமையின் குணம். பொருளின் இன்மையிலிருந்தே சொல் எழுகிறது என்ற மல்லார்மேயின் கொள்கையை மேடையில் விளக்கியிருக்கிறேன். பொருள் இல்லாதிருப்பதற்கும் பொருளை அறியாதிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை மேடையில் நான் சொன்னதில்லை.

*

பெயர்களைச் சுத்தப்படுத்தும் ஆசை என்னைப் போன்ற தனி ஆசாமிகளுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு அரசாங்கத்துக்கே அந்த ஆசை வந்ததுண்டு. 1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பழைய காலண்டரைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றது. ஒவ்வொரு தேதியிலும் ஒரு புனிதர் உட்கார்ந்திருந்தார். புனிதர்களை இறக்கிவிட்டு அந்த இடங்களில் செடிகளையும் பூக்களையும் காய்கறிகளையும் வைத்தார்கள். ஐந்தாம் நாட்களில் ஒரு பிராணி, பத்தாம் நாட்களில் ஒரு உழவுக் கருவி. பட்டியலைத் தயாரித்தவர் ஃபாப்ர் தேக்ளாந்தின் என்ற நாடகாசிரியர். எக்ளாந்தின் என்பது காட்டு ரோஜா. அந்தப் பூவைத் தன் பெயரோடு அவராகச் சேர்த்துக்கொண்டார். ஜெர்மினால் மாதத்தின் 11ஆம் நாளுக்கு அவர் கொடுத்த பெயர் பெர்வான்ஷ். ஐந்து நாள் தள்ளி, 16ஆம் நாள், அதாவது 1794 ஏப்ரல் 5, தாந்தோனோடு சேர்த்து அவரும் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய பட்டியலின்படி அன்று லெட்டூஸ் கீரையின் நாள்.

அந்தக் காலண்டர் 1806 ஜனவரி 1ஆம் தேதியோடு வழக்கொழிந்தது. நெப்போலியன் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார். புனிதர்கள் தத்தம் இடங்களில் வந்து உட்கார்ந்தார்கள். பயமும் பக்தியும் ஒட்டாத பெயர்களை ஆணை போட்டு உண்டாக்க முடியவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. எந்த ஆணையும் இல்லாமலே ஒரு பூவின்மேல் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளவும் முடிகிறது.

க்ரிஸான்தெம். நம் சாமந்தி, செவ்வந்தியின் இனம். அட்டைக்கட்டில் இது வந்தபோது ஆசிரியை பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. குரல் கொஞ்சம் மாறியது. "யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் இதை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள்" என்றார். பிரான்சில் இது கல்லறைப் பூ. நவம்பர் 1ஆம் தேதி சகல புனிதர் திருநாளை ஒட்டிக் கடைகளெல்லாம் தொட்டி தொட்டியாக இதுதான் இருக்கும். ஜனங்கள் வாங்கிப்போய்த் தங்கள் இறந்தவர்களின் கல்லறைமேல் வைப்பார்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து பரிசாகக் கொடுப்பது, சாவை வாசலில் கொண்டுவந்து வைத்த மாதிரி.

இந்த விலக்கு ஆதிகாலத்தது ஒன்றுமில்லை. கிழக்காசியாவின் இந்தப் பூ 1789இல் மார்செய் துறைமுகத்துக்கு வந்து பிரெஞ்சுத் தோட்டங்களில் வேர்விட்டது. வந்தபோது அதன்மேல் ஒரு பழியும் இல்லை. செய்த குற்றம் ஒன்றே: மற்ற பூக்கள் ஓய்ந்துபோன குளிர்காலத் தொடக்கத்தில், இறந்தவர்களை நினைக்கும் நாட்களில், அது மட்டும் பூத்து நின்றது. முதல் உலகப் போர் முடிந்தபோது கல்லறைகளுக்குக் குறைவில்லை. போர்நிறுத்த நாளும் நவம்பர் 11. வழக்கம் நாடு முழுதும் இறுகிவிட்டது. இன்று ஒரு பிரெஞ்சுக் கிழவிக்கு அது உலகம் தோன்றிய நாளிலிருந்து சாவுப் பூ.

42 பெயர்களில் நான் கற்ற முதல் பெயர் இதுதான் என்று சொல்ல வேண்டும். மற்றவை அட்டையிலிருந்து வந்தவை. இது வாயிலிருந்து, ஒரு எச்சரிக்கையோடு வந்தது. ஒரு பெயரைத் தெரியும் என்றால் அதைக் கொண்டு என்ன செய்யக் கூடாது என்று தெரியும் என்பதே. செய்யக் கூடியதை அகராதி சொல்லிவிடும்.

*

அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காரணம் தமிழிலக்கியம் சம்பந்தப்பட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பிரெஞ்சுக் கவிதையை ஆங்கிலம் வழியாகத் தமிழில் மொழிபெயர்த்தேன். கவிஞரின் பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு நான் செய்த அநியாயம் போதும். ஒரு நவம்பர் காலை. ஒருவன் வெளியே கிளம்பிக் கதவைத் திறக்கிறான். வாசற்படியில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு க்ரிஸான்தெம் தொட்டி. அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். நான் செவ்வந்தி என்று போட்டேன். போட்டதோடு விட்டிருக்கலாம். கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன்: வாழ்க்கை தன் மங்கலத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது அதை எதிர்கொள்ளத் திராணியில்லாத நவீன மனிதனின் பிரக்ஞை என்று. முந்நூறு பிரதி அச்சாகிற பத்திரிகை. படித்தவர்கள் எல்லோரும் எழுதுகிறவர்கள். ஒருவர்கூட இது என்னய்யா என்று கேட்கவில்லை. இரண்டு பேர் குறிப்பு ஆழமாக இருக்கிறது என்று கடிதம் எழுதினார்கள். ஒரு சாவை நான் கல்யாணமாக்கியிருந்தேன். என் வட்டம் வந்து சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போயிற்று.

தவறு தெரிந்துவிட்டது, இனித் திருத்த வேண்டும். இங்கேதான் நான் எதிர்பாராத இடத்தில் மாட்டிக்கொண்டேன். செவ்வந்தி தப்பு என்றால் எது சரி? 'சாவுப் பூ' என்று போடலாம். ஆனால் தமிழில் சாவுப் பூ என்று ஒரு பூ இல்லை. யோசித்துப் பாருங்கள். செவ்வந்தி சாமிக்குப் போகிறது, கல்யாணப் பந்தலுக்குப் போகிறது, பாடையில் பிணத்தின் மேலும் போகிறது. கல்லறைத் திருநாளில் புதுச்சேரிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகளுக்கும் போகிறது. காலையில் சவத்துக்கு மாலை வாங்கிய கடையிலேயே சாயங்காலம் வீட்டுக்கும் வாங்குகிறோம். ஒரு பூவுக்கே எங்கும் போக அனுமதி உண்டு. பெர்வான்ஷின் இனத்தில் வந்த ஒரு செடி, பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கர் பெர்வான்ஷ் என்பது, நம்மூர் எங்கும் முளைத்துக் கிடக்கிறது. அதற்கு நாம் நித்தியகல்யாணி என்றும் பெயர் வைத்திருக்கிறோம், சுடுகாட்டு மல்லி என்றும் வைத்திருக்கிறோம். எந்த இடத்தில் நின்று பார்க்கிறோமோ அந்தப் பெயர்.

நமக்கு விலக்கே இல்லையா என்றால், ஏன் இல்லை? துலுக்கச் சாமந்தி என்று ஒரு பூ இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் பூஜைக்கு எடுப்பதில்லை. ஏனென்று சிறு வயதில் கேட்டபோது, பேரிலேயே இருக்கிறதே என்றார்கள். அந்தப் பூவின் கதை வேடிக்கையானது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஓயே தேன்த் என்கிறார்கள், இந்தியாவின் ஓயே. ஆங்கிலேயர்கள் அதையே பிரெஞ்சு மேரிகோல்ட் என்கிறார்கள். நாம் துலுக்கன் தலையில் கட்டிவிட்டோம். உண்மையில் அது மெக்ஸிகோ பக்கத்துப் பூ. ஆளாளுக்கு அதை அடுத்தவனுடையது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டில் மட்டும் அந்தப் பெயர் ஒரு விலக்காகவும் ஆயிற்று. அந்த விலக்கு பூவைக் குறித்ததல்ல, ஒரு மனிதனைக் குறித்தது.

எனக்குத் தெரியவந்தது இதுதான். பிரான்சில் விலக்கு பூவின்மேல் இருக்கிறது. அந்தப் பூ வீட்டுக்குள் வரக் கூடாது. ஆட்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். நம்மிடம் பூ எங்கும் போகலாம். விலக்கு ஆளின்மேல் இருக்கிறது. அதனால்தான் நம் பூக்களின் பெயர்களில் அது தென்படுவதில்லை. மல்லிகை, முல்லை, கனகாம்பரம் எல்லாம் மாசு மருவற்ற பெயர்கள். மாசு வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது. பூ வைத்துவிட்டுப் போனார்கள் என்கிறோம், பெண் நிச்சயமாயிற்று என்று அர்த்தம். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள் என்கிறோம், புருஷனுக்கு முன் செத்தாள் என்று அர்த்தம். இந்தத் தொடர்களில் வருவது எந்தப் பூ என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பூவாக இருந்தாலும் ஒன்றுதான். யார் தலை என்பதுதான் விஷயம்.

இப்போது என் மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். ஒருவன் காரியமாக வெளியே கிளம்பிக் கதவைத் திறக்கிறான். வாசலில் எதைக் கண்டால் தமிழில் அவன் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வான்? விடை எனக்கு மட்டுமல்ல, இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எந்தப் பூவும் அல்ல. பூ வைக்காத ஒரு தலை. துல்லியமான மொழிபெயர்ப்பென்றால், அந்தத் தொட்டி இருந்த இடத்தில் நான் ஒரு விதவையை நிறுத்த வேண்டும்.

*

அப்பா போய் 11 வருஷமாகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். சாயங்காலம் நான் வங்கியிலிருந்து வரும்போது உதிரிப் பூ வாங்கி வருவேன். அம்மாதான் தொடுப்பாள். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் வாழையிலையைப் போட்டுக்கொண்டு, விரல்கள் பாட்டுக்கு வேலை செய்யும். ஒரு கண்ணி சாமி படத்துக்கு. ஒன்று என் மனைவிக்கு. ஒரு சாண் என் பெண்ணுக்கு. மிஞ்சுவது அப்பா படத்துக்கு. இருப்பவர், இல்லாதவர், கடவுள், குழந்தை எல்லோருக்கும் பூ போகிறது. தொடுத்த கைக்கு வாசனை மட்டும். இதை 11 வருஷமாக நான் பார்த்துவருகிறேன் என்று சொல்வது பொய். ரூஸோ வேலியோரப் பூவைப் பார்த்தது மாதிரி போகிற போக்கில் பார்த்துவருகிறேன். பெயர் இல்லாததால் கண்ணில் விழவில்லை. அதைக் காட்டிக்கொடுக்க க்ரிஸான்தெம் என்ற பெயர் வரவேண்டியிருந்தது.

இது எல்லா ஜாதிகளிலும் எல்லா வீடுகளிலும் இப்படியே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மாறியிருக்கிறது, மாறிவருகிறது. ஆனால் மாறிவிட்டது என்று கட்டுரை எழுதுவது எனக்குச் சுலபம். என் வீட்டில் நானே வாங்கிவரும் பூவின் கணக்கு மேலே சொன்னதுதான். கணக்கு எழுதுவது என் தொழில். என் சொந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தவறியிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களின் விலக்குக்கு ஒன்றேகால் நூற்றாண்டு வயசுகூட இருக்காது என்று எழுதும்போது எனக்கு ஒரு மேதாவித்தனம் வந்துவிட்டது: பாவம், பூவைப் போய்ப் பழி சொல்கிறார்களே என்று. பூவைப் பழி சொன்னால் பூவுக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை.

ஆகவே நண்பரே, பூவைத் தெரியாமல் பேரைத் தெரிந்துகொள்வது என்ன காரியம் என்று கேட்டீர்கள். அந்நியப் பெயரை அழகுக்காகக் கற்றால் அது வெறும் உதிர்ப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அதன் விலக்கோடு சேர்த்துக் கற்றால், நம்முடைய விலக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவைக்கிறது. அந்த அளவுக்கு அது காரியம்தான். அதற்குமேல் அது ஒன்றும் செய்வதில்லை. அதற்குமேல் செய்ய வேண்டியது கற்றவன்.

கவிதையை நான் இன்னும் திருத்தவில்லை. செவ்வந்தி என்று விட்டால் கவிஞருக்குப் பொய். விதவை என்று போட்டால் துல்லியம். ஆனால் அந்தத் துல்லியத்துக்காக, அவளைக் கண்டு கதவைச் சாத்தும் பழக்கத்தை இன்னொரு தடவை, நல்ல தமிழில், நானே அச்சில் ஏற்றியவனாவேன். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது எப்போதும் நல்ல காரியம் என்று நினைத்துவந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

போன வாரம் அம்மா தொடுத்துக்கொண்டிருந்தபோது என் பெண் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சூஸி என்றதும் சிரித்தாள். பிறகு, "ஏம்ப்பா, அந்த ஊர்ல இதையெல்லாம் தலைல வெச்சுப்பாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. ஜாடில வெப்பாங்க. இல்லன்னா கல்லறைல."

"பொம்பளைங்க யாருமே வெச்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அம்மா நாரைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சைப் போட்டாள்.

"அப்ப யாரு எப்படின்னு எப்படித் தெரியும்?" என்றாள்.